பாகூர் காரில் கேட்ட சலசலப்பு

சத்தம் பிடிக்கிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள்! அதற்கு முதலில் ஒரு கைகொடுங்கள். பிரேக் பார்க்கிறவனுக்கும் பெயிண்ட் அடிக்கிறவனுக்கும் கண்ணால் பார்க்க ஏதாவது இருக்கும். நமக்கு அதுவும் கிடையாது. வாடிக்கையாளர் வந்து, "எங்கியோ கிர்ருனு ஒண்ணு கேக்குதுபா" என்பார். அந்த 'எங்கியோ' எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முப்பத்து நான்கு வருடம் இதைச் செய்தேன். அதில் கடைசி ஆறு வருடம் விலை உயர்ந்த மின்சாரக் கார்கள். ஓய்வு பெற்ற பிறகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் எந்த ஜன்னல் ஆடுகிறது என்று காது தானாகத் தேடப் போய்விடுகிறது. "பஸ்ஸுல கூட சும்மா வர மாட்டிங்களா? அந்த கண்டக்டரு உங்களயே பாக்கறாரு" என்று என் மனைவி திட்டுவாள்.

மின்சாரக் கார் வந்த பிறகுதான் பழைய என்ஜின்கள் நமக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்துகொண்டிருந்தன என்று எனக்கு உறைத்தது. கல்யாண மண்டபத்தில் மேளம் முழங்கும்போது மூலையில் யார் குறட்டை விட்டாலும் கேட்காது. மேளத்தை நிறுத்திப் பாருங்கள், தெரியும்! அப்படித்தான் இதுவும். என்ஜின் போனதும் கதவுக்குள் ஒரு ஒயர் தட்டுவது கேட்கிறது, சீட் தோலும் தோலும் உரசுவது கேட்கிறது, கூரைத் துணிக்குள் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருப்பது கேட்கிறது. புதுக் கார் வரும்போது கோயில் கருவறை மாதிரி அமைதியாக இருக்கும். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது கோடையில் நம்மூர் வெயில் டாஷ்போர்டை வாட்டி எடுக்கும். உள்ளே ஒட்டியிருக்கிற பஞ்சுப் பட்டை கெட்டியாகும், பிளாஸ்டிக் ஒரு நூல் சுருங்கும். மூன்றாவது வருடம் கடல் காற்றும் பள்ளம் மேடும் சேர்ந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காரை வாங்கியவர் பேட்டரியைத் திறந்தா பார்க்கப்போகிறார்? காதில் விழுகிற ஒரு 'டிக்'கை வைத்துத்தான் மொத்தக் காரின் தரத்தையும் முடிவு செய்வார். அதில் தப்பு சொல்ல முடியாது.

எனக்கு, கடைசியாக வேலை பார்த்த வொர்க்‌ஷாப்பில் 'காது' என்றே பெயர். "காது வந்துட்டாரா? இந்த வண்டியில ஏத்துங்க" என்பார் மேனேஜர். கேட்கவே ஜோராக இருக்கும். நான் வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடி இரண்டு தெரு போய்வந்து, "எடது கதவு, கீழ் கிளிப்பு" என்று சொன்னால் சொன்னதுதான். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அந்தத் திமிரில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். ஒரு பெண்ணின் வேலையே அதில் போகப் பார்த்தது.

அவள் பெயர் தேன்மொழி. கார் உட்புறம் கழற்றி மாட்டுகிற எங்கள் பகுதிக்கு வந்த முதல் பெண். அதற்கு முன் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் ஷிப்டு பார்த்தவள். எங்களிடம் ஆறு மாதம் ப்ரொபேஷன். அது நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம். ஒவ்வொரு வண்டிக்கும் செய்த வேலையை எழுதுகிற ஜாப் கார்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பழைய கம்பெனியில் அவள் நின்ற இடத்தில் வேறு ஆள் நின்றாயிற்று. இது எனக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

கார் பாகூர் யூசுப் பாயினுடையது. விதை நெல் வியாபாரம் செய்கிறவர். மூன்று வருடம் ஓடிய கார், கருநீலம், கீறல் கிடையாது, பிள்ளை மாதிரி வைத்திருந்தார். மார்கழியில் நடுத்திரை வேலை செய்யவில்லை என்று வந்தது. டாஷ்போர்டைக் கழற்றித் திரையை மாற்றியது தேன்மொழி. பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் பாய் போன் செய்தார்.

"சவரி, இன்னாபா இது? டேஷ்போர்டுக்குள்ள சலசலன்னு சத்தம் வருது. திரும்புனா வருது, பிரேக் போட்டா வருது. இவ்ளோ பெரிய வண்டில இப்பிடி கேட்டா மனுசனுக்கு எப்பிடி இருக்கும் சொல்லு?"

"கொண்டாந்து வுடுங்க பாய், பாத்துடலாம்" என்றேன்.

கார் வந்தது. எங்கள் வழக்கப்படி கழுவினார்கள். நான் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. திருப்பிக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துப் பாய் மறுபடி போன். சத்தம் வந்துவிட்டது. இரண்டாம் முறை கார் வந்தது, கழுவினார்கள், ஓட்டினேன், சத்தம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தேன்மொழியை விட்டு டாஷ்போர்டை மறுபடி கழற்றி மாட்டச் சொன்னேன். பாய் எடுத்துப் போனார். இரண்டே நாள். மறுபடி சத்தம்! மூன்றாம் முறையும் இதே கூத்து. அதற்குள் பாய்க்குக் கோபம் தலைக்கேறி, இந்தக் காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்கே எழுதிவிட்டார்.

சென்னையிலிருந்து ஏரியா அதிகாரி சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வருவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அவரு கேட்டா இன்னா சொல்றது? ஃபைல்ல காரணம்னு ஏதாவது இருக்கணும்ல?" என்றார். நான் யோசித்தேன். எங்களிடம் இருக்கும்போது சத்தம் இல்லை, ரோட்டில் இரண்டு நாள் ஓடியதும் வருகிறது. அப்படியென்றால் மாட்டியது நிற்கவில்லை, கழன்று போகிறது. கணக்கு சரியாக இருந்தது. ஜாப் கார்டை எடுத்து எழுதினேன்: 'டாஷ்போர்டு மாட்டியதில் கவனக்குறைவு. கிளிப்புகள் முழுதாக உட்காரவில்லை.' தேன்மொழியின் பெயரையும் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எழுதி முடிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? அதுகூட ஆகியிருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அந்தக் கார்டோடு வந்து நின்றாள். நான் எழுதிய வரியில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இன்னாண்ணே இது?"

"இன்னா?"

"பதினாலு கிளிப்பு. ஒவ்வொண்ணும் உக்காருற சத்தம் கேட்டு, வெரலால தடவிப் பாத்துட்டுதான் அடுத்ததுக்குப் போனன். ஒரு வாட்டி இல்ல, ரெண்டு வாட்டி. மூணு வருசம் லைன்ல நின்னவ நான். அங்க ஒரு கிளிப்பு வுட்டா மொத்த லைனும் நிக்கும்."

"அப்ப சத்தம் எங்கேர்ந்து வருது? பாய் பொய் சொல்றாரா?"

"பாயும் பொய் சொல்லல. நானும் சொல்லல" என்றாள். "அந்த சத்தம் எப்பிடி இருக்கும்னு சொல்லுங்கண்ணே. நான் போட்ட கிளிப்பு ஆடுனா டிக்கு டிக்குனுதான் கேக்கணும். இது அப்பிடியா கேட்டுச்சு?"

எப்படிச் சொல்வது? அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை! மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், மூன்று முறையும் கார் ஊமை. கேட்காத ஒரு சத்தத்துக்குக் காரணமும் எழுதி, ஆளையும் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். காதாம் காது!

அவள் முன்னாலேயே பாய்க்குப் போன் போட்டேன். "வண்டிய இங்க கொண்டாராதீங்க. காலைல நாங்க அங்க வர்றோம்" என்றேன். மேனேஜருக்கு இதில் கொஞ்சமும் இஷ்டம் இல்லை. அதிகாரி வருகிற நாளில் இரண்டு பேர் வெளியே போவதா என்று குதித்தார். "பன்னெண்டுக்குள்ள வந்து நிக்கலன்னா, ஃபைல்ல இருக்கறதத்தான் நான் காட்டுவன்" என்றார். சரி என்றேன்.

தேன்மொழி குடியிருக்கிற சேதராப்பட்டு புதுச்சேரிக்கு ஒரு மூலை, பாகூர் இன்னொரு மூலை. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிய நான் ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தால், அவள் ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்! எத்தனை மணிக்குக் கிளம்பினாள் என்று நான் கேட்கவில்லை.

யூசுப் பாயின் களத்தில் விதை நெல் சுத்தம் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆள் உயர மின்விசிறி முன்னால் முறம் முறமாகக் கொட்டுகிறார்கள். பதர் பறக்கிறது, தூசி பறக்கிறது, ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியவில்லை. களத்தை ஒட்டி ஒரு வேப்பமர நிழல். அதன் கீழே கார்.

"வாங்க, வாங்க. இன்னிக்காவது கேக்குதான்னு பாப்பம்" என்றார் பாய். அவரே ஓட்டினார். நான் பக்கத்தில், தேன்மொழி பின்னால். ஏரிக்கரை ரோட்டில் முதல் வளைவு. வலது பக்கம் திரும்பினார்.

சலசலசல...

கேட்டது! ஐயோ, பிள்ளைகளா, கேட்டது! ஸ்டியரிங் பக்கத்தில் ஆரம்பித்து என் முழங்காலுக்கு நேரே ஓடி வந்து நின்றது. அடுத்த வளைவு இடது பக்கம். வந்த வழியே திரும்பி ஓடியது. முப்பத்து நான்கு வருடத்தில் ஓடுகிற சத்தத்தை நான் கேட்டதே கிடையாது. கிளிப் ஆடினால் ஒரே இடத்தில் நின்று ஆடும். இது ஏதோ எலி மாதிரி குறுக்கே ஓடுகிறது.

"பாய், இன்னொரு வாட்டி திருப்புங்க! இன்னொரு வாட்டி!" என்று கத்தினேன். தேன்மொழி பின்னாலிருந்து இரண்டு சீட்டுக்கு நடுவே தலையை நுழைத்து, "டேஷ்போர்டுக்குள்ள இல்லண்ணே, அதுக்கும் முன்னால. கண்ணாடி பக்கத்துல" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வெளியே நின்று ஒருவர் கேட்டால் இடம் பிடிபடும் என்று களத்துக்குத் திரும்பினோம்.

அங்கே அவளை இறக்கிவிட்டு மறுபடி கிளம்பப் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பதரும் தூசியும் அப்பிக்கிடந்தது. "இருங்க, ரோடே தெரியல" என்று பாய் இறங்கி, ஒரு பக்கெட் தண்ணீரைக் கண்ணாடி மேல் வீசினார். வைப்பரைப் போட்டார். களத்துக்குள்ளேயே வட்டம் அடித்தோம். தேன்மொழி வண்டிக்குப் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

ஒன்றும் இல்லை. இடது, வலது, பிரேக், மறுபடி இடது. சுத்தமாக ஒன்றும் இல்லை.

"போச்சு!" என்று டாஷ்போர்டைத் தட்டினேன். மணி ஒன்பது தாண்டியிருந்தது. எனக்கு அழுகை வராத குறை.

"பாத்தியா சவரி? உன்னப் பாத்தா அதுக்கு பயம்" என்று பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தேன்மொழி மட்டும் வண்டிக்கு முன்னால் வந்து நின்று கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பாய், இப்ப இன்னா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலியேம்மா."

"தண்ணி ஊத்துனீங்க."

"ஆமா, ஊத்துனன். கண்ணாடி கயுவ வேணாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "அண்ணே, நம்மகிட்ட வண்டி வந்தா மொதல்ல இன்னா பண்றம்?"

கழுவுகிறோம்! வண்டி உள்ளே நுழைந்ததும் முதல் வேலை தண்ணீர் அடிப்பது. அதற்குப் பிறகுதான் சோதனை. சேறும் மண்ணும் ஒட்டியிருந்தால் சத்தம் பிடிக்க இடைஞ்சல் என்று அந்த விதியைப் போட்டதே யார் தெரியுமா? நான்தான்! சத்தத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியவன், மூன்று முறையும் அதைத் தண்ணீர் ஊற்றி அமுக்கிவிட்டுப் பிறகு தேடியிருக்கிறேன். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் அது மறுபடி எழுந்துகொள்ளும். பழி அவள் மேல்.

முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் நிற்கிற இடத்தில், நீளமாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்குமில்லையா? மழைத் தண்ணீர் இறங்கிப் போகிற இடம். அதைத் திறந்து பார்த்தாக வேண்டும். ஆனால் வொர்க்‌ஷாப்புக்கு வெளியே வண்டியில் கை வைக்கக் கூடாது. அதுவும் மூன்று வருடம் வெயில் தின்ற பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்கினாலும் நொறுங்கும். நொறுங்கினால் இன்னொரு கறுப்புப் புள்ளி. வண்டியை எடுத்துக்கொண்டு போய் அங்கே திறக்கலாம்தான். போய்ச் சேருவதற்குள் மணி பத்தரை ஆகும், மேனேஜர் கையில் சாவி போகும், அவர் அந்த நேரத்தில் எதையும் திறக்க விடமாட்டார். தேன்மொழி டூல் பையைத் திறந்துவிட்டாள்.

"நீ கை வைக்காத" என்றேன். "நான் கழட்றன். ஒடஞ்சா என் பேரு."

மேல் ஓரத்தில் விரலை விட்டு ஒவ்வொரு பூட்டாக நெம்பினேன். ஒன்று கறகற என்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உடையவில்லை. மூடி முழுதாகக் கையோடு வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம், தலையோடு தலை முட்டிக்கொண்டது.

உள்ளே நாற்றங்கால்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீளமான அந்தத் தொட்டியில் நெல் கிடந்தது. தண்ணீர் வெளியேறுகிற ஓட்டையைப் பதர் அடைத்து, அடியில் ஈரம் தேங்கி, வெள்ளை வெளேர் என்று முளைகள். விசிறிக் காற்றில் வாரக்கணக்காகப் பறந்து வந்த விதை நெல் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே கிடந்த நெல் வெயிலில் காய்ந்தால் வளைவுக்கு வளைவு உருண்டு ஓடும். தண்ணீர் பட்டால் ஒட்டிக்கொண்டு பேசாமல் கிடக்கும். அதுதான் டாஷ்போர்டுக்குள் கேட்ட சலசலப்பு.

யூசுப் பாய் ஒரு முளையை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நாங்கள் அவர் திட்டப்போகிறார் என்று பார்த்தால், மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்கய்யா! இது நம்ம வெத நெல்லு! காருக்குள்ள போட்டாலும் மொளைக்குதுபா!" களத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். வியாபாரம் செய்கிற புத்தி எங்கே போகும்? நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தேன்மொழி சிரிக்கவில்லை. முளைகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடியின் மேல் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். முளைத்துக் காய்ந்து பழுப்பாகிப் போனவை ஒரு பக்கம். விரல் நீளம் வளர்ந்தவை ஒரு பக்கம். இப்போதுதான் வாய் பிளந்தவை ஒரு பக்கம்.

"மூணு வாட்டி கழுவுனம்ணே. மூணு சைசுல இருக்குது பாருங்க" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, அடுத்த நிமிடமே நிமிர்ந்தாள். "பாய், ரெண்டு கை காஞ்ச நெல்லு குடுங்க."

"எதுக்கும்மா?"

"இது ஈரமா கெடக்குது, சத்தம் போடாது. எடுத்துட்டம், சத்தம் இல்லன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. காஞ்சத போட்டு ஓட்டணும், சத்தம் வரணும். அத வாரிட்டு ஓட்டணும், சத்தம் போவணும்."

அடேயப்பா! எனக்கு அது தோன்றவே இல்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் மூடியை மாட்டிவிட்டுக் கிளம்பியிருப்பேன். தொட்டியைச் சுத்தமாகத் துடைத்து, காய்ந்த நெல்லைப் போட்டு ஓட்டினோம். சலசலசல என்று ஓடியது. வாரி எடுத்து ஓட்டினோம். பட்டுத் துணி மாதிரி அமைதி. பாய் ஏரிக்கரை முனை வரை போய்விட்டு, வண்டியை நிறுத்திவிட்டு, வெறுமனே ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மொத நாள் எடுத்தாந்தப்ப இப்பிடித்தான் இருந்துச்சு" என்றார். மூன்று வருடக் கார் அது. அதன் கட்டுமானத்தில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் வேலை முறையில் இருந்தது.

முளைகளை ஒரு தினசரித் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு பறந்தோம். வொர்க்‌ஷாப்பில் நுழையும்போது பதினொன்றே முக்கால். விஷயத்தைச் சொன்னதும் மேனேஜருக்குப் போன உயிர் வந்தது. என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"சத்தம் போச்சுல்ல? பாய் கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கிப்பாருல்ல? அவ்ளோதான். புதுசா ஒரு கார்டு போட்டு, தூசி அடைப்பு, சுத்தம் செய்யப்பட்டதுன்னு எழுதிடு."

"பழைய கார்டு?"

"அது பாட்டுக்கு ஃபைல்ல கெடக்கட்டும். அதுல கை வச்சா, நீ தப்பா எழுதுனன்னு ஆவும், கழுவுற ரூல் யாரு போட்டதுன்னு கேப்பாரு. ரெண்டு மாசத்துல ரிட்டயர்டு ஆகப்போற. உனக்கு எதுக்கு இது?"

நான் உத்தமன் இல்லை, பிள்ளைகளே. ஒரு கணம் அது எனக்கு இனித்தது. மாலை போட்டு, 'காது' என்று பெயர் பொறித்த கேடயம் கொடுத்து வழியனுப்புவதாக ஏற்பாடு. அந்த மேடையில் 'மூன்று வாட்டி கழுவியவர்' என்று யாராவது சிரித்தால்? ஆனால் பழைய கார்டு கிடந்தால், ப்ரொபேஷன் முடியும் அன்று எவனோ ஒருவன் அதைப் புரட்டுவான். கவனக்குறைவு என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அவள் பெயர் இருக்கும், கீழே என் கையெழுத்து இருக்கும். நெல்லைப் பற்றி அவனுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

பழைய கார்டையே எடுத்தேன். நான் எழுதியிருந்த வரிகளின் மேல், படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே எழுதினேன்: 'மேற்கண்டது தவறு. சத்தத்தைக் கேட்காமலே எழுதினேன். சோதனைக்கு முன் கழுவ வேண்டும் என்ற என் விதியால் காரணம் மூன்று முறை மறைந்தது. தேன்மொழி செய்த வேலையில் குறை இல்லை. காரணத்தைக் கண்டதும் அதை நிரூபித்ததும் அவரே.' கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

அதிகாரி சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தார். கார்டைப் படித்தார். தாளை விரித்து முளைகளைப் பார்த்தார். வந்த சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தார். பிறகு மறுபடி கார்டைப் படித்தார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"இது நீங்க எழுதினதா?"

"ரெண்டும் நான் எழுதினதுதான் சார். மேல இருக்கறதும், கீழ இருக்கறதும்."

"ம்" என்றார். பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ எழுதினார். "இந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லைனு நானும் எழுதிட்டேன். ப்ரொபேஷனுக்கு இதனால எந்த பாதிப்பும் வராது. இனிமே சத்தம்னு வர்ற வண்டியை ஓட்டிப் பாக்காம கழுவக் கூடாது." எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பெரிய மனுஷத்தனம் காட்டிவிட்ட நினைப்பு வேறு. தேன்மொழி எனக்கு நன்றி சொல்வாள் என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

அதிகாரியும் அவளைப் பார்த்தார். "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?"

அவள் கார்டைக் கையில் வாங்கி, நான் எழுதியதை முதல் எழுத்திலிருந்து நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு மேசை மேல் வைத்தாள்.

"எல்லாம் சரியா எழுதியிருக்காரு சார். ஒண்ண மட்டும் வுட்டுட்டாரு. மொதல்ல என் பேர எழுதறதுக்கு முன்ன, நான் பத்தடி தள்ளி அடுத்த வண்டிலதான் வேல பாத்துகினு இருந்தன். என்னைய ஒரு வார்த்த கேக்கல."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அதிகாரி தன் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

என் கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. 'எழுதும் முன் அவரை நான் கேட்கவில்லை' என்று எழுதி, இன்னொரு முறை கையெழுத்துப் போட்டேன்.